பாயைச் சுருட்டி வைத்தால் யார் பார்ப்பார்?



அக்கரைப்பற்றுப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவரும் அயல் வீட்டுப் பெண்களும் பின்னும் பன்பாய்களையும் பெட்டிகளையும் விற்பதற்கு ஒரு கைப்பணிச் சந்தையில் இடம் கிடைத்திருக்கிறதாம். "பத்தடிக்குப் பத்தடி இடம் தந்திருக்கிறார்கள். அதை எப்படி அலங்கரிப்பது என்று எவரிடம் கேட்பது எனத் தெரியவில்லை. மௌலவி கோபிக்காமல் எழுதுங்கள்" என்பது கடிதத்தின் சாரம்.

கோபிக்க ஒன்றுமில்லை. ஆனால், அரபுக் கல்லூரியில் நஹ்வும் ஸர்பும் படித்தவனுக்குக் கடை அலங்காரத்தில் என்ன தெரியும் என்று எவரேனும் கேட்டால் அது நியாயமான கேள்வி. இந்த விடயத்தில் நான் தேறியவன் அல்லன், தோற்றவன். தோற்ற கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2023 ஓகஸ்டில் மாவட்ட மட்டத்தில் மூன்று நாள் கைப்பணிச் சந்தை ஒன்று நடந்தது. எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு விற்பனைக்கூடம் எடுத்தார்கள். பன்பாய், பன்பெட்டி, கையால் பின்னிய தொப்பி, மேசை விரிப்பு, மருதமுனைச் சம்பந்திகள் கொடுத்தனுப்பிய சில கைத்தறிச் சாரன்கள் என்பனவே சரக்கு. என்னிடம் ஒரு பழைய வேன் இருந்தது, எழுத்தும் கொஞ்சம் அழகாக வரும். இந்த இரண்டு தகுதிகளால் கூடத்தின் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

இரண்டு நீள மேசைகளை வாசலுக்குக் குறுக்கே போட்டேன், பரீட்சை மண்டபத்தில் போடுவது போல. பாய்களைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி மூலையில் நிறுத்தினேன். தொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தேன். பெரிய பதாகை ஒன்றில் சங்கத்தின் நீண்ட பெயரை, அரபு எழுத்தின் வளைவுகள் தெரியும்படி, நானே வரைந்தேன். பிறகு மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகளைப் போட்டு நானும் இன்னொரு சகோதரியின் கணவரும் அமர்ந்துகொண்டோம். பெண்கள் பின்னால் சாக்குகளுக்கு நடுவே நின்றார்கள். "சரக்கு நல்லதென்றால் அது தானே பேசும்" என்று நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

மஃரிப் வரை இரண்டு பெட்டியும் ஒரு தொப்பியும் விற்பனையாகின. தொப்பியை வாங்கியவர் என் பழைய மாணவர்.

எட்டுக் குடும்பங்களின் பல மாத உழைப்பு அது. ஊருக்கு வரும் தரகர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். அவருக்குக் கொடுக்காமல் இந்தச் சந்தையை நம்பிப் பாய்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்குப் பிள்ளைகளின் ரியூஷன் காசு நிலுவையில் இருந்தது. அவர்களின் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

இஷாவுக்குப் பின் என் மனைவி வந்தார். கூடத்துக்குள் நுழையாமல், எதிர்ப்புறத்தில் கடலை விற்பவரின் அருகில் போய் நின்று சற்று நேரம் பார்த்தார். பிறகு வந்து சொன்னார்: "பாயெல்லாம் சுருட்டித்தானே கிடக்கு, ஆரு விரிச்சிப் பார்ப்பா? பாய்க்குப் பூ எங்க இருக்கு? உள்ளுக்க இருக்கு. அதோட, நீங்க ரெண்டு பேரும் வாசல்ல காவல் இருந்தா, எந்தப் பொம்புள கிட்ட வருவா?"

இதற்குப் பதில் சொல்ல என்னிடம் தலீல் எதுவும் இருக்கவில்லை.

அன்றிரவே எல்லாவற்றையும் பிரித்தோம். முதலில் மாறியது மேசைகளின் இடம். குறுக்கே கிடந்தவற்றை இரு பக்கச் சுவரோடு சேர்த்துப் போட்டு, நடுவை வெறுமையாக விட்டோம். இதனால் வருபவர் உள்ளே வந்து நிற்கலாம். சந்தைப் பாதையில் ஆண்கள் இடித்துக்கொண்டு போகும்போது வாசலில் நின்று பொருள் பார்க்கப் பெண்கள் விரும்புவதில்லை. உள்ளே இரண்டடி ஒதுங்க இடம் கிடைத்தால் ஆறுதலாகத் தொட்டுப் பார்ப்பார்கள். பன்பாயும் பெட்டியும் தொட்டுப் பார்த்து வாங்கும் பொருள்கள். கதிரைகள் பின்னால் போயின. ஆண்களாகிய நாங்கள் வேனுக்குப் போனோம்.

அடுத்தது உயரம். சாதாரண மேசையின் உயரம் இரண்டரை அடி. நடந்து போகிறவரின் கண் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. மேசையில் தட்டையாகப் பரப்பிய பொருள் அருகில் வந்து குனிந்தால்தான் தெரியும். அருகில் வரச் செய்வதுதானே நம் பிரச்சினை! ஆகவே பின்சுவரில் மூங்கில் கம்பு ஒன்றைக் குறுக்கே கட்டி, இருந்தவற்றில் ஆகச் சிறந்த பாயை முழுமையாக விரித்துத் தொங்கவிட்டோம். மேசைகளின் மேல் சவர்க்காரப் பெட்டிகளைப் படிக்கட்டு மாதிரி அடுக்கி அவற்றின் மேல் துணி விரித்தோம். பெரிய பெட்டி மேல்படியில், சிறியவை முன்னால் கீழ்ப்படியில். தொப்பிகளைக் குவிக்காமல், கவிழ்த்து வைத்த கிண்ணங்களின் மேல் ஒவ்வொன்றாக வைத்தோம். தலையில் இருப்பது போலவே அதன் வடிவம் தெரிந்தது. சாரன்களில் ஒன்றை மட்டும் கரை தெரிய விரித்துத் தொங்கவிட்டு, மற்றவற்றை வெளிர் நிறத்திலிருந்து கடும் நிறம் வரை வரிசையாக மடித்து வைத்தோம்.

மேசைத் துணி பற்றி ஒரு வார்த்தை. நான் முதல் நாள் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டிருந்தேன், சுத்தமாக இருக்கும் என்று. சாயமிடாத பன் வைக்கோல் நிறம். வெள்ளையின் மேல் அது மங்கிப் போகிறது. பூப்போட்ட துணியோ பின்னலின் பூவோடு சண்டை போடும். கடும் பச்சையில் ஒரே நிறத் துணியை விரித்ததும் பெட்டிகள் எழுந்து நின்றன. துணி நிலம் வரை தொங்க வேண்டும். மேலதிகச் சரக்கு, சாக்கு, சாப்பாட்டுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அதற்குப் பின்னால் மறைந்துவிடும்.

இந்த இடத்தில்தான் உண்மையான சிக்கல் வந்தது. கடிதம் எழுதிய சகோதரியும் இதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். எங்களிடம் பதினொரு பாய்கள் இருந்தன. எல்லாவற்றையும் தொங்கவிட்டால் சலவைத் தொழிலாளியின் கொடி மாதிரி இருக்கும். எதுவுமே கண்ணில் நிற்காது. மூன்று மட்டும் வெளியே, மற்றவை மேசைக்குக் கீழே என்று முடிவானது. எந்த மூன்று? எட்டுப் பெண்களும் மௌனமானார்கள். "என்ட பாய் மட்டும் இருட்டுக்குள்ளயா?" என்று ஒரு சகோதரி மெதுவாகக் கேட்டார். அழகாக அடுக்குவது எளிது. நீதியாக அடுக்குவது கடினம்.

ஒருவாறு இப்படி இணங்கினார்கள்: பக்கச் சுவர்களில் தொங்கும் இரண்டு பாய்களையும் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்குப் பின்னும் மாற்றுவது, ஒவ்வொரு பொருளிலும் பின்னியவரின் அடையாளமாக ஒரு நிற நூல் கட்டுவது, நூலைப் பார்த்துக் கணக்கெழுதுவது. நடுவில் தொங்கும் பெரிய பாயை மட்டும் மாற்றுவதில்லை. அது தெருமுனை வீட்டு மாமியுடையது. கணவர் வபாத்தாகிப் பல வருடங்கள். அந்தக் கைகள்தாம் அவரது குடும்பம். சிவப்பும் கறுப்புமாகப் பூ எடுத்த அந்தப் பாயைப் பின்ன அவருக்கு ஒரு மாதம் பிடித்திருந்தது. விலையும் அதற்கேற்றது.

விலை என்றதும் இன்னொன்று. நம் பெண்கள் விலை கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்டுவிட்டு வாங்காமல் போவது அதைவிடக் கூச்சம். எனவே கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு இருக்கட்டும். தொகை பெரிய இலக்கத்தில், அதற்குக் கீழே பொருளின் பெயரும் ஊரும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். சீட்டை நூலால் கட்டுங்கள். பசையால் ஒட்டினால் பன்னில் தழும்பு விழும். ஊசி குத்தினால் இழை பிரியும். என்னுடைய அழகிய பதாகைக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். பத்தடி தூரத்திலிருந்து அதை எவராலும் வாசிக்க முடியவில்லை. அதன் பின்புறத்தில் "பன்பாய் - கைத்தறி" என்று மட்டும், ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண் உயரத்தில் எழுதி மாட்டினோம். வளைவுகள் இல்லை, வாசிக்க முடிந்தது.

வெளிச்சத்தைக் கவனியுங்கள். ஏற்பாட்டாளர்கள் தந்த ஒரே ரியூப் லைட் வாசலில் இருந்ததால், உள்ளே வருபவரின் நிழல் அவர் பார்க்கும் பொருளின் மேலேயே விழுந்தது. மின்குமிழ் ஒன்றைப் பின்சுவரின் பக்கம் திருப்பிக் கட்டியதும் நடுப் பாய் தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் மஞ்சள் வெளிச்சம் நிறத்தைக் கூட்டிக் காட்டும். வாங்குபவரைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிய பிறகே காசை எடுங்கள். மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கடிந்துகொண்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பொருளை அடுக்கும் முறையைப் பற்றி இதைவிட நேரடியாக வேறென்ன வேண்டும்? ஓரம் பிசகிய பாய் ஒன்று எங்களிடமும் இருந்தது. பிசகிய ஓரத்தை மேலே தெரிய மடித்து, விலையைக் குறைத்து எழுதி வைத்தோம். இரண்டாம் நாள் காலையில் முதலில் விற்றது அதுதான்.

கூட்டத்தை நிறுத்தியது அலங்காரம் மட்டுமல்ல. இளைய சகோதரி ஒருவர் கூடத்தின் உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்து பெட்டி பின்ன ஆரம்பித்தார். பிள்ளைகள் நின்றார்கள், பிள்ளைகள் நின்றால் தாய்மார் நிற்கத்தானே வேண்டும். பன் எங்கே முளைக்கிறது, எப்படி வெட்டி உலர்த்துகிறார்கள், சாயத்தில் எப்படி அவிக்கிறார்கள், முன்னைய காலத்தில் பதிமுகக் கட்டையில் சிவப்பு எடுத்தது எப்படி என்றெல்லாம் கேட்டார்கள். கைவேலை நிற்காமலே அவர் பதில் சொன்னார். ஒரு பாய்க்கு ஏன் அந்த விலை என்பது அதைப் பார்த்த பிறகு எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓகஸ்ட் மாதம் எங்கள் பக்கத்தில் கச்சான் காற்று. தொங்கும் பாய் பாய்மரமாகிவிடும். கீழ்க் கம்பின் இரு முனையிலும் மணல் நிரப்பிய போத்தல்களைக் கட்டினோம். பின்னேர வெயில் நேரே விழும் பக்கத்தில் சாயப் பொருள்களை வைக்காதீர்கள், மூன்று நாளில் வெளிறிவிடும். சில்லறைக் காசு, பற்றுச்சீட்டுப் புத்தகம், பாயைத் தூக்கிச் செல்லப் பிடி வைத்துக் கட்டும் கயிறு ஆகியவற்றை மறக்க வேண்டாம்.

இவ்வளவையும் சந்தை மைதானத்தில் இரவில் செய்யத் தேவையில்லை, வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். கயிற்றால் பத்தடிச் சதுரம் போட்டு, எல்லாவற்றையும் அடுக்கி, பதினைந்து அடி தள்ளி நின்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். படத்தில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுதான் சந்தையிலும் படும். பிறகு அதே படத்தைப் பார்த்து அங்கே அடுக்கலாம். கொழும்புக்குப் போகும் சந்தர்ப்பம் கிடைத்தால் லக்சலவுக்குள் ஒரு தரம் நுழைந்து பாருங்கள். கைப்பணிப் பொருள்களை விற்பதற்கென்றே 1964இல் தொடங்கிய அரச நிறுவனம் அது. வாங்காவிட்டாலும், எதை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கட்டணம் இல்லை. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவையில் கைப்பணியாளராகப் பதிந்துகொள்வது பற்றியும் விசாரியுங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள்களில் ஒன்பது பாய்கள் போயின. பெட்டியும் தொப்பியும் ஏறக்குறைய முடிந்தன. மாமியின் பாய் மட்டும் விற்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதன் முன்னால்தான் நின்றார்கள், அதைத்தான் படம் எடுத்தார்கள். வாங்கியது பக்கத்தில் இருந்த சிறிய பாய்களை. மற்ற ஏழு பேரும் தங்களுக்குள் பேசி, கூட வாடகையிலும் வேன் செலவிலும் மாமியின் பங்கை எடுப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். கடைசி நாள் அஸருக்குப் பின் கல்முனையிலிருந்து வந்த ஒரு தாய், மகளின் கல்யாணத்துக்கு அதே பூவில் இரண்டு பாய் வேண்டுமென்று முற்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

பாயைச் சுருட்டி வேனில் ஏற்றும்போது மாமி அதன் கீழ் ஓரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லலாம் என்று அருகில் போனேன். அவர் நிமிராமலே, "அடுத்த தரம் கம்ப இன்னும் ஒரு சாண் ஒசத்திக் கட்டுங்க மௌலவி. கீழ் ஓரத்தில மண் பட்டுட்டு" என்றார்.