பூட்டிய பீரோவும் காத்திருக்கும் கைகளும்



2024 ஜூலை 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில், ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கான காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிவடைந்தது. பசித்த வயிற்றோடு எந்தக் குழந்தையும் படிக்க இயலாது என்பதை உணர்ந்து செய்யப்பட்ட நற்செயல் இது. வயிறு நிறைந்த அக்குழந்தையின் கைகளில் நாம் எதைக் கொடுக்கப்போகிறோம்?

நம் செங்கல்பட்டு மறைமாவட்டத்துக் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி நடைபெறுகிறது. இவ்வூர்க் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிற்பியின் மகன், மீனவரின் மகள், செங்கல் சூளையில் வேலை செய்யும் இருளர் வீட்டுப் பிள்ளை ஆகியோர் எழுத்தை அறியுமுன்பே உளியையும் வலையையும் களிமண்ணையும் கண்டு வளர்கிறார்கள். வகுப்பறைக்குள் நுழைந்ததும் அவர்கள் முதலில் கேட்பதோ "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்பதே!

இந்நிலையை மாற்றத் தமிழகம் முயன்றதுண்டு. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி அனுபவத்தைப் பின்பற்றி, மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பின்னர் 2007-08இல் மாநிலமெங்கும் அது பரவியது. குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளைத் தாங்களே எடுத்துப் படித்தார்கள். அவர்களுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைந்தது. அவர்கள் வரைந்தவை கம்பிப் பந்தலில் தொங்கின. 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பாடல், கதை, பொம்மலாட்டம் எனக் கையையும் மனதையும் சேர்த்தே அழைக்கிறது.

திட்டங்கள் நல்லவைதான். ஆனால் அட்டை கிழியும், வண்ணம் தீரும். அரசு விலையில்லாமல் கொடுக்கும் கிரேயான்கள் சின்னக் கைகளில் எத்தனை மாதம் தாங்கும்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி, 30 பிள்ளைகள் வரை உள்ள அரசுப் பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். பழுது பார்ப்பதும் மின்கட்டணமும் அதற்குள்தான். அத்திட்டத்தில் 2024-25க்குத் தமிழகத்திற்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தபோது, வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. உதவிபெறும் பள்ளிகளுக்கோ அரசு தருவது பெரும்பாலும் ஆசிரியர் சம்பளம் மட்டுமே. ஆகவே சார்ட் அட்டையும் பசையும் பல இடங்களில் ஆசிரியை தன் கைக்காசில் வாங்குபவை.

பணம் மட்டும்தான் குறையா? நம்மையும் சோதித்துப் பார்ப்போம். வாங்கிய பொருள்கள் பீரோவில் பூட்டப்பட்டு, அதிகாரி வரும் நாளில் மட்டும் வெளியே வருவதில்லையா? "பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள்" என்கிறோம். உடையாத பொம்மை, தொடப்படாத பொம்மை. அதனால் யாருக்குப் பயன்? தனியார் பள்ளிக் குழந்தைக்கு வீட்டிலேயே வண்ணப் பெட்டி இருக்கிறது. ஏழைக் குழந்தைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை. அங்கேயும் பூட்டினால் அது அநீதி.

விடுதலைப் பயண நூலில், பெட்சலேல் என்னும் கைவினைஞரை ஆண்டவர் தம் ஆவியால் நிரப்புகிறார். கையால் செய்யும் வேலைக்கும் இறை ஆவி தேவை என்பது விவிலியத்தின் பார்வை. நம் ஆண்டவர் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர். விதை, வலை, நாணயம், புளிப்பு மாவு எனக் கண்ணால் கண்டு கையால் தொடக்கூடியவற்றைக் கொண்டே அவர் இறையாட்சியைக் கற்பித்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், கல்வி என்பது தலை, இதயம், கை மூன்றும் இணைவது என்று பலமுறை வலியுறுத்தினார்.

அப்படியானால் நம் பங்குகள் என்ன செய்யலாம்? ஆண்டுத் திருவிழாவின் மின்விளக்கு அலங்காரச் செலவில் ஒரு சிறு பகுதியை, அருகிலுள்ள தொடக்கப்பள்ளியின் வண்ணங்களுக்காக ஒதுக்கலாம். அது நம் பள்ளியாகவே இருக்க வேண்டியதில்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளியாகவும் இருக்கலாம். வாங்குமுன் ஆசிரியையிடம் தேவையைக் கேட்கலாம். அன்பியங்கள் மாதம் ஒருமுறை கிளிஞ்சல், புளியங்கொட்டை, பனையோலை, களிமண் சேகரித்துத் தரலாம். இவற்றுக்குக் காசு தேவையில்லை, மனம் போதும். கொடுக்கும்போது பேனரும் புகைப்படமும் வேண்டாம். வலக்கை செய்வதை இடக்கை அறிய வேண்டாம் என்றவர் நம் ஆண்டவர் அல்லவா!

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில், உங்கள் ஊர்ப் பள்ளியை ஒரு கணம் பாருங்கள். அதன் பீரோ பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

சிந்திப்போம், செயல்படுவோம். இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!