படலைத் திறந்துபோட்டா வேலி எதுக்கு?

"எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?" எங்க ஊர்ல கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற பெரியவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. என் கருத்து: காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

விண்டோஸ் 10, 11 ரெண்டிலும் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் கூடவே வருது. பேரப்பிள்ளையோட வீடியோவில் பேச, பேங்க் கணக்கு பார்க்க, விலை நிலவரம் படிக்க அதுவே போதும். அப்டேட் கேட்டால் மட்டும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளாதீங்க. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதை வெச்சிருக்கிறவங்க 11-க்கு மாற முடியுமான்னு விசாரிங்க. முடியாதுன்னா அதில் பேங்க் வேலை வேண்டாம்.

ஆனா இதெல்லாம் வேலிதான். படலை நாமே திறந்துவிட்டால் ஆடு உள்ளே வரத்தான் செய்யும்.

"உங்க கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்குப் பேசுங்க" என்று திரையில் அலறும். உண்மையான ஆன்டிவைரஸ் போன் பண்ணச் சொல்லாது. பேசினால், சரி பண்றேன்னு சொல்லி நம்ம திரையைப் பார்க்கிற ஆப்பை ஏத்தச் சொல்லுவான். வேலியே பயிரை மேயுற கதை.

போனிலும் இதே கதைதான். பி.எம்.கிசான் 2,000 ரூபாய் வந்திருக்கு என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் வரும். தொடாதீங்க. நமக்குப் பணம் வர யு.பி.ஐ. பின் போடத் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், வராது. வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்பான். நம்ம சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. கட் பண்ணுங்க.

பணம் போயிட்டா, அந்த நிமிஷமே 1930-க்குக் கூப்பிடணும். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்தப் பார்க்க முடியும். இங்கேதான் பெரியவங்க தவறிடறாங்க. மகன் திட்டுவானே என்று ரெண்டு நாள் மூடி மறைக்கிறாங்க. அதுக்குள்ள காசு எங்கேயோ போயிடுது.

அதனால வெளியூர்ல இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒண்ணு சொல்றேன். அப்பாவுக்கு ஆன்டிவைரஸ் வாங்கி அனுப்புறதை விட, "எதை அமுக்குறதுக்கு முன்னாலும் என்னைக் கேளுங்கப்பா, திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்க. சொன்னபடி திட்டாமலும் இருங்க.