பழைய கணக்குப்பிள்ளையும் புதிய பண்ணையும்

"பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது. வேறு கம்பெனியின் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறோம். முன்னதில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பியையே இதில் ஏற்றி ஓட்ட முடியுமா?" மன்னார்குடியில் இந்தக் கேள்வி இன்னும் ஓய்ந்தபாடில்லை. நெல் வியாபாரி கேட்பார். அவருடைய பதினைந்து வருஷத்துக் கொள்முதல் கணக்கு ஒரு பழைய புரோகிராமுக்குள் இருக்கிறது. தமிழாசிரியர் கேட்பார், அவர் தட்டெழுதிய கட்டுரைகளெல்லாம் பழைய எழுத்துருவில் அடைபட்டிருக்கின்றன. "இன்னுமா இந்தப் பழம் பஞ்சாங்கம்?" என்று சிரிப்பது சுலபம். ஆனால் சிரிப்பவர் யாரும் அந்தக் கணக்கை மீட்டுக் கொடுக்கப் போவதில்லை. ஆகையால் விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

இயங்குதளம் என்பது பெரிய பண்ணையின் கணக்குப்பிள்ளையைப் போன்றது. "பத்து மூட்டை நெல் அனுப்பு" என்று எஜமானர் சொன்னால் போதும். பத்தாயத்தைத் திறப்பதும், ஆளைக் கூப்பிடுவதும், வண்டி கட்டுவதும் அவர் பொறுப்பு. அதே கணக்குப்பிள்ளையைப் பாமணியாற்றங்கரையிலிருந்து வேறொரு ஊர்ப் பண்ணைக்கு மாற்றினால் என்ன ஆகும்? கணக்கு அவருக்கு மறந்துவிடாது. ஆனால் எந்த மதகு எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் என்பது தெரியாது. அவ்வூர்த் தலையாரி ஒருவர் கூட நின்று காட்டவேண்டும். கம்ப்யூட்டர் உலகில் அந்தத் தலையாரிக்கு 'டிரைவர்' என்று பெயர். திரைக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், அச்சு யந்திரத்துக்கு ஒருவர் என்று தனித்தனியே வேண்டும்.

புதிய யந்திரம் செய்யும் கம்பெனிகள் பழைய இயங்குதளத்துக்கு டிரைவர் எழுதுவதில்லை. விண்டோஸ் 7-க்கு யு.எஸ்.பி. 3 என்னும் புதிய இணைப்பு முறையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் பின்னால் வந்த பல யந்திரங்களில் அதை ஏற்ற ஆரம்பித்தவுடன் விசைப்பலகையும் மவுஸும் செயலற்றுப் போயின. மேலே செல்ல ஒரு பொத்தானை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினாலோ அதற்குக் கேட்பதில்லை!

கம்பெனி மாறினாலும் இயங்குதளம் ஓடவேண்டும் என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்தது? 1981-ல் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டது. அடுத்த வருஷமே காம்பாக் கம்பெனி அதற்கு இணங்கிய யந்திரம் ஒன்றை அறிவித்தது. பிறகு உலகெங்கும் பலர் அவ்வழியே சென்றார்கள். நம் நாட்டில் எச்.சி.எல்., விப்ரோ முதலிய கம்பெனிகளும் இத்தகைய பி.சி.க்களைச் செய்தன. எம்.எஸ்.-டாஸ் எல்லாவற்றிலும் ஓடிற்று. ஆப்பிளின் கொள்கையோ வேறு. 1995-ல் தன் இயங்குதளத்தைப் பிறர் யந்திரங்களுக்கும் கொடுத்துப் பார்த்தது. 1997-ல் அதை நிறுத்திக்கொண்டது. அனுமதியின்றி மாக் இயங்குதளத்தை ஏற்றிய யந்திரங்களை விற்ற ஸைஸ்டார் என்ற அமெரிக்கக் கம்பெனி 2009-ல் வழக்கில் தோற்றது. ஆகவே, யந்திரத்தில் ஓடுமா என்பது ஒரு கேள்வி. ஓட்ட உரிமை உண்டா என்பது மற்றொரு கேள்வி. யந்திரத்தோடு சேர்ந்து வந்த விண்டோஸ் பிரதியும் சாதாரணமாக அந்த யந்திரத்துக்கு மட்டுமே உரியது என்பதை வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

சரி, வழி என்ன? புதிய யந்திரத்தில் பழையதை நேராக ஏற்ற முயன்று பொழுதைப் போக்கவேண்டாம். 'விர்ச்சுவல்பாக்ஸ்' போன்ற புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. புதிய பண்ணைக்குள்ளேயே பழைய ஊரைச் சிறியதாகக் கட்டிக் கொடுப்பது போன்றது அவற்றின் வேலை. பழைய திரை, பழைய வட்டு எல்லாம் இருப்பதாக எக்ஸ்பி நம்பிவிடுகிறது. உண்மை யந்திரம் எந்தக் கம்பெனியுடையது என்ற கவலையே அதற்கு இல்லை. டாஸ் காலத்துப் புரோகிராமாயிருந்தால், 'டாஸ்பாக்ஸ்' போதும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு முடிந்தன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் அந்தக் கெடு வந்தது. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற தொற்று உலகெங்கும் பரவியபோது, திருத்தம் பெறாத யந்திரங்களே அதற்கு இரையாயின. கேரளத்துப் பஞ்சாயத்து அலுவலகங்கள் சிலவும், திருப்பதி தேவஸ்தானத்துக் கணினிகள் சிலவுங்கூட அதற்குத் தப்பவில்லை. ஆகையால் பழைய இயங்குதளத்தைத் தனி அறையில் வைத்துக்கொள்ளலாம். இணையத்தின் வாசலில் நிறுத்தலாகாது.

2011 முதல் நம் மாநிலத்து மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகள் பல, நம் ஊர் வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. முதலில் வந்தவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஸி-டாக் ஸ்தாபனத்தார் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ஆக்கியது அது. பலர் அதை ஒருமுறைகூடத் திறந்து பாராமல் அழித்துவிட்டார்கள். லினக்ஸில் இலேசான வகைகள் இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. கம்பெனி பேதம் பாராமல் பெரும்பாலான யந்திரங்களில் ஓடுகின்றன. உரிமைக் கட்டணமும் இல்லை. பழுதில்லாத யந்திரமாயின், குழந்தைகள் எழுதவும் படிக்கவும் அது தாராளமாக உதவும். அதைக் குப்பைக்கு அனுப்புமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குச் செலவிட்டால் நஷ்டமில்லை.

ஆனால், பழைய இயங்குதளத்தை உயிர்ப்பித்ததோடு காரியம் முடிந்தது என்று எண்ணலாகாது. அதைக் கொண்டு செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கணக்கையெல்லாம் எந்தப் புரோகிராமும் படிக்கக்கூடிய சாதாரண அட்டவணையாக வெளியே எடுத்துக்கொள்ளவேண்டும். பழைய எழுத்துருவில் உள்ள தமிழை, 2010-ல் நம் அரசு ஏற்றுக்கொண்ட யூனிகோட் முறைக்கு மாற்றவேண்டும். பிரதிகளை இரண்டு இடங்களில் வைக்கவேண்டும். கணக்குப்பிள்ளைக்கு வயதாகிவிட்டால் ஓய்வு கொடுப்பது நியாயந்தான்; ஆனால் பத்தாயத்துச் சாவியை வாங்கிக்கொண்ட பிறகே அவரை அனுப்பவேண்டும்.