2020 போச்சு, 2047 வருமா?

எங்கள் சித்தப்பா பள்ளியில் படித்த காலத்தில், "2020-ல் இந்தியா வல்லரசு" என்று பேச்சுப் போட்டியில் முழங்காதவர்களே கிடையாதாம். 1998-ல் வந்த கலாம் ஐயாவின் 'இந்தியா 2020' புத்தகம் அவ்வளவு பிரபலம். (அவர் சொன்னது 'வளர்ந்த நாடு'. மேடையில் நாமதான் வல்லரசு ஆக்கிட்டோம்!) 2020-ல் வந்தது கொரோனாதான். இப்போது இலக்கு 2047. நடக்குமா?

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 1991-ல் இறக்குமதிக்கு டாலர் இல்லாமல், ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. உஸ்மான் ரோடு நகைக்கடைகளைப் பார்த்தால் இதை நம்பவே முடியாது! அதே நாடு 2022-ல் மொத்த உற்பத்தியில் பிரிட்டனை முந்தியது. சாதாரண விஷயமில்லை.

ஆனால் மொத்தத்தைத் தலைக்கு வகுத்துப் பாருங்க. 2023 உலக வங்கிக் கணக்குப்படி ஓர் இந்தியருக்கு வருஷத்துக்குச் சுமார் 2,500 டாலர். 2022-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த இலங்கைக்குக்கூட 3,800! 1990-ல் ஏறக்குறைய நம்மோடு நின்ற சீனாவுக்கு 12,600. பணக்கார நாடுகள் பட்டியலில் சேர இன்றைய நிலையில் சுமார் 14,000 வேண்டும். தலைக்கு வருஷம் 7 சதவீதம் வளர்ந்தால் பத்து வருஷத்தில் இரட்டிப்பாகும். 2033-ல் 5,000, 2043-ல் 10,000. ஒரு வருஷம்கூடச் சறுக்காமல் ஓடினால் 2047-ல் பக்கத்தில் போய்விடலாம். அத்தனை வருஷம் நாம் அப்படி ஓடியதே இல்லை.

வேகத்தைவிட, என்ன வேலை கிடைக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி என்று நான் நினைக்கிறேன். நாட்டில் வேலை செய்பவர்களில் நூற்றுக்குச் சுமார் 45 பேர் விவசாயத்தில். உற்பத்தியில் அவர்கள் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. வயலை விட்டு வருகிறவர்களுக்குத் தொழிற்சாலை வேலை வேண்டும். இதில் தமிழ்நாடு தேவலை. இந்தியாவில் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் இங்கேதான்.

மற்றவர்கள் எங்கே போகிறார்கள்? நம்ம ரங்கநாதன் தெருவுக்கு வாங்க. வெளியூரிலிருந்து வந்த அக்காக்கள் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டுகிறார்கள். கடையில் வேலை செய்பவர் உட்கார ஓர் இருக்கை தரணும் என்பதற்கே 2021-ல் சட்டசபையில் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது! (கேரளா 2018-லேயே கொண்டுவந்துவிட்டது.) நாம் வாங்கும் சுடிதார் அந்த மொத்த உற்பத்திக் கணக்கில் சேரும். அக்காவின் கால்வலி சேராது.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்க. நாங்கள் போன கடையில் இரண்டாம் மாடியில் ஒன்று இருந்தது. அதன்மேல் சட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.