பெயர் தெரியாதவரின் பிரார்த்தனையும் பக்கத்தில் இருப்பவரின் பிரார்த்தனையும்

வேளாங்கண்ணி மாதா கோயிலின் காணிக்கைக் காட்சியகத்தில் வெள்ளியிலும் தங்கத்திலும் செய்த கண், கை, கால் உருவங்கள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கின்றன. கூடவே, நோய் தீர்ந்தவர்கள் எழுதிய நன்றிக் கடிதங்கள். அந்த நன்றியைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால், அதே வேண்டுதலை வைத்து அதே மெழுகுவத்தியை ஏற்றிய பிறகும் பிழைக்காமல் போனவர்களின் வீட்டிலிருந்து கடிதம் வருவதில்லை. பலித்தவை மட்டுமே கண்ணில் படும் இடத்தில், பிரார்த்தனை நோயைத் தீர்க்குமா என்ற கேள்விக்கு விடை தேட முடியாது.

விடை தேட இரு தரப்பையும் எண்ண வேண்டும். அதைப் பெரிய அளவில் செய்தவர் அமெரிக்க இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன். அவர் கடவுள் மறுப்பாளர் அல்ல. தியானமும் பிரார்த்தனையும் உடலின் பதற்றத்தைத் தணிக்கும் என்று 1975-லேயே புத்தகம் எழுதியவர். பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்காக 6 மருத்துவமனைகளுக்கு வந்த 1,802 நோயாளிகளை அவரது குழு மூன்றாகப் பிரித்தது. முதல் பிரிவுக்குப் பிரார்த்தனை நடந்தது, இரண்டாம் பிரிவுக்கு நடக்கவில்லை. தாங்கள் எந்தப் பக்கம் என்பது இரு பிரிவினருக்குமே தெரியாது. மூன்றாம் பிரிவினரிடம் மட்டும், 'உங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்கள்' என்று உறுதியாகச் சொல்லப்பட்டது.

2006-இல் முடிவு வெளியானது. அறுவைக்குப் பின் சிக்கல் ஏற்பட்டவர்கள் முதல் பிரிவில் 52 சதவீதம், இரண்டாம் பிரிவில் 51 சதவீதம். விவரம் தெரிந்திருந்த மூன்றாம் பிரிவிலோ 59 சதவீதம்! ஆள் வைத்துப் பிரார்த்திக்கும் அளவுக்கா நம் நிலைமை மோசமாகிவிட்டது என்று அவர்கள் கலங்கியிருக்கலாம் என்பது ஆய்வுக் குழுவில் இருந்த மருத்துவர் ஒருவரின் ஊகம். தற்செயலாகவும் இருக்கலாம். பிறருக்கான பிரார்த்தனை குறித்த 10 ஆய்வுகளை, மொத்தம் 7,646 நோயாளிகளின் விவரங்களோடு, 2009-இல் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோதும் தெளிவான பலன் எதுவும் புலப்படவில்லை.

இந்த முடிவை மூடி மறைக்க வேண்டியதில்லை. முகம் தெரியாதவர் தொலைவிலிருந்து செய்யும் பிரார்த்தனை உடலைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால், பென்சன் சோதித்தது எந்த மாதிரிப் பிரார்த்தனை என்பதையும் பார்க்க வேண்டும். பிரார்த்தித்தவர்களின் கையில் இருந்தவை நோயாளியின் முதல் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும்தான். சொல்ல வேண்டிய வாசகத்தையும் ஆய்வாளர்களே கொடுத்திருந்தார்கள். நம் ஊரில் யார் இப்படிப் பிரார்த்திக்கிறார்கள்? இங்கே பிரார்த்திக்கிறவர் ஐசியூ வாசலில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். டிஸ்சார்ஜ் ஆனதும் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டு, விபூதியைப் பொட்டலமாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைக்கிறார். மாத்திரை வாங்க ஓடுபவரும் அவர்தான்.

பக்கத்தில் ஆள் இருக்கும் இந்த இரண்டாவது வகையைப் பற்றி நம்மிடமே ஓர் ஆய்வு உண்டு. திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி என்பவரின் சமாதிக் கோயிலுக்கு மனநோயாளிகளை அழைத்துவருவது வழக்கமாக இருந்தது. மனநல மருத்துவர் ஆர். ரகுராமும் அவரது குழுவினரும் 2000-இல் அங்கே தங்கியிருந்த 31 பேரைக் கவனித்தார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். காலையில் சிறிய பூஜை. பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள். பேயோட்டுதல் போன்ற சடங்குகள் இல்லை, கட்டணம் இல்லை. ஒவ்வொருவருடனும் வீட்டு ஆள் ஒருவர் தங்கியிருந்தார். சராசரியாக 6 வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி அளவீடு, மருந்தே இல்லாமல், ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வு சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவும் இல்லை. ஆனாலும் துரத்தாத இடம், கூடவே இருக்கும் உறவு, நாளை நிரப்பும் வேலை ஆகியவை சிதைந்த மனதுக்கும் உதவக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

அந்த ஆய்வு வெளியானது 2002-இல். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. அவ்வூர் தர்காவை நம்பி வந்த குடும்பங்கள் விட்டுச்சென்ற நோயாளிகள் அங்கே சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். தப்ப வழியின்றி 28 பேர் இறந்தார்கள். வேலாயுதம்பாளையம்புதூரில் உறவினர் பக்கத்திலேயே இருந்தார். ஏர்வாடியில் இரும்புச் சங்கிலி இருந்தது.

பிரார்த்தனை மருந்தின் இடத்தைப் பிடிக்கும்போது விளைவு இன்னும் கொடூரம். அமெரிக்காவில் மத நம்பிக்கையால் பெற்றோர் சிகிச்சையைத் தவிர்த்ததால் இறந்த 172 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. 1975 முதல் 1995 வரை நிகழ்ந்த மரணங்கள் அவை. அவர்களில் 140 பேருக்கு வந்தவை, வழக்கமான சிகிச்சை கொடுத்தால் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பிழைக்கக்கூடிய நோய்கள்.

பக்தியால் வரும் மற்றொரு காயத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அமெரிக்காவில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளிகளை இரண்டாண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று தவித்தவர்களிடையே மரண வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்து, 'போன ஜென்மத்து வினை', 'விசுவாசம் போதவில்லை' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் யோசிக்க வேண்டிய முடிவு இது.

பிரார்த்தனையும் சிகிச்சையும் சேர்ந்தே நடக்க வழி உண்டு. குஜராத்தின் உனாவா கிராமத்தில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008 முதல் ஓர் ஏற்பாடு நடந்துவருகிறது. துவா (பிரார்த்தனை) கேட்டு வருபவர்களை, தர்காவைப் பராமரிக்கும் முஜாவர்களே பக்கத்தில் உள்ள மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். துவாவும் நிற்பதில்லை, மாத்திரையும் தொடர்கிறது. ஏர்வாடிக்கும் பின்னர் இந்த முறை வந்தது. வலிப்புக்கு மந்திரிக்கவும் மஞ்சள் காமாலைக்கு ஜெபிக்கவும் கூட்டம் கூடும் இடங்களுக்கும் இது வர வேண்டும். டாக்டர்களும் நோயாளியின் கையில் கட்டிய கயிற்றைப் பார்த்து முகம் சுளிக்காமல், எங்கே போய் வந்தார், அங்கே என்ன குடிக்கக் கொடுத்தார்கள், எந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள் என்று கேட்கலாம். டாக்டர் திட்டுவார் என்ற பயம் இல்லாவிட்டால் குடும்பம் உண்மையைச் சொல்லும்.