ஒரே தேர்தல் கண்ட தொகுதி

1977 ஜூலை 21ஆம் திகதி நடந்த பொதுத்தேர்தலில் எக்ஸ். எம். செல்லத்தம்புவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய முல்லைத்தீவுத் தொகுதி, தன் ஆயுளில் வேறொரு பொதுத்தேர்தலைக் காணவேயில்லை. 1982 டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு அந்தப் பாராளுமன்றத்தின் காலத்தை நீட்டியது. மறு ஆண்டு, அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் கோரிய, பிரிவினையைத் துறக்கும் சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்து, செல்லத்தம்பு உள்ளிட்ட தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். 1989இல் விகிதாசாரத் தேர்தல் வந்தபோதோ, தொகுதியே வாக்குகளை எண்ணி அறிவிக்கும் வெறும் பிரிவாகச் சுருங்கிவிட்டது.

முல்லைத்தீவைப் பெற்றெடுத்த பழைய வவுனியாத் தொகுதியின் சரித்திரம் இதனினும் சுவையானது. சோல்பரி அரசியல் திட்டம் 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு நில்லாமல், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் ஆசனம் என்று விதித்திராவிட்டால், காடும் குளமுமாய் விஸ்தாரமாகக் கிடந்தும் ஜனத்தொகையில் மிகச் சிறுத்திருந்த வன்னிக்கு, 1947இல் வட மாகாணம் பெற்ற 9 ஆசனங்களுள் ஒன்று கிட்டியிருக்குமா என்பது சந்தேகமே. கிடைத்த ஆசனத்திலும் அமர்ந்தவர் வன்னியின் புதல்வரல்லர். உரும்பிராயிற் பிறந்த கணிதப் பேராசிரியர், 'அடங்காத் தமிழர்' சி. சுந்தரலிங்கம். மலையகத் தமிழரின் குடியுரிமையை முன்னிட்டு 1948இல் மந்திரிப் பதவியைத் துறந்தார். தேசியக் கொடியை ஆட்சேபித்து 1951இல் ஆசனத்தையே ராஜினாமாச் செய்து இடைத்தேர்தலில் மீண்டார். 1955இல் சபைக்குச் செல்லாமலே அதை இழந்து மறுபடியும் வென்றார். (பின்னாளில், 1968இல், மாவிட்டபுரத்து ஆலயப் பிரவேசத்தை எதிர்த்து நின்றவரும் இவரே என்பதை மறைத்தல் நேர்மையாகாது.) ஒவ்வொரு முறையும் அவர் அதே வாக்காளரின் வாசலுக்கே திரும்பவேண்டியிருந்தது, 1960 மார்ச்சில் அவர்கள் அவரை நிராகரித்து, தா. சிவசிதம்பரத்தைத் தேர்ந்துகொண்டார்கள். ஒற்றை அங்கத்தவர் தொகுதியின் மகிமை என்று நான் கருதுவது இந்த நிராகரிக்கும் அதிகாரத்தைத்தான்.

இன்று வவுனியாவும் முல்லைத்தீவும் மன்னாரோடு சேர்ந்து, 6 ஆசனங்கள் கொண்ட வன்னித் தேர்தல் மாவட்டம். அதனால் முஸ்லிம்களுக்கும் சிங்களவருக்கும் பிரதிநிதித்துவம் சாத்தியமாயிற்று என்பது மறுக்கவொண்ணாத நன்மை. ஆனால் கொக்கிளாய்க் கடற்கரையில் அறவே செல்வாக்கிழந்த ஒருவர், மன்னாரில் திரண்ட விருப்பு வாக்குகளின் பலத்தால் கொக்கிளாய்க்கும் உறுப்பினராகிவிடலாம். அவரைத் தோற்கடிக்க அவ்வூராருக்கு வழியில்லை.

கிளிநொச்சியின் நிலை இன்னும் விபரீதம். 1960 முதல் சொந்தப் பிரதிநிதியைக் கொண்டிருந்த அது, 1984இல் தனி நிர்வாக மாவட்டமான பின்னும், தேர்தலுக்கு மட்டும் யாழ்ப்பாணத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கனகராயன் ஆறு வன்னித் தேர்தல் மாவட்டத்துக் காடுகளில் ஊறி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்து வயல்களுக்குப் பாயும் இரணைமடுவை நிரப்புகிறது. அக்குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் எழுந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களுக்காகப் பேசவேண்டிய உறுப்பினர்களை ஆக்கும் வாக்குகளிற் பெரும்பகுதியோ, அந்த நீரை எதிர்பார்த்திருந்த குடாநாட்டிலேயே இருந்தது.