ஐயாயிரத்தால் வகுக்கப்பட்ட கவிதை

கவிதைத் தாள்களின் அடுத்த வரிசையை ஏ4 அளவில் அச்சிடுவது என்று சென்ற மாதக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. அன்று வங்கியில் வேலை முடிய நேரமாகிவிட்டதால் நான் போகவில்லை. போயிருந்தாலும் என் ஒரு ஓட்டு எதையும் மாற்றியிருக்காது. முடிவுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. பெரிய தாளை அனுப்பக் கட்டுப்படியாகவில்லை என்பது ஒன்று. சிறிய அளவில்தான் கவிதையின் 'அந்தரங்கம்' கூடுகிறது என்பது மற்றொன்று. முதல் காரணத்தை நாம் எல்லோரும் வெகுநாட்களாக முணுமுணுத்து வருகிறோம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு இரண்டாவது காரணம் அந்தக் கூட்டத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது என்று சந்தேகிக்கிறேன்.

புதிதாகச் சந்தா கட்டியவர்களுக்காகச் சொல்கிறேன். நம் கவிதைத் தாள் 60-க்கு 90 சென்டிமீட்டர். லினோகட் சித்திரமும் கவிதையும் ஒரே தாளில். கையால் அச்சிட்டு, எண்ணிட்டு, இணையத்தில் விற்கிறோம். இதில் கவிஞர் வரிகளுக்கிடையே விட்ட வெளியும் ஓவியர் வெட்டியெடுத்த வெளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. கவிதை அங்கேதான் நடக்கிறது. ஏ4 என்பது இந்தப் பரப்பில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. வெளியை ஒன்பதில் ஒன்றாக்கிவிட்டு அதற்கு அந்தரங்கம் என்று பெயர் வைப்பது விமர்சனம் ஆகாது.

இந்த முடிவை எடுத்தது யார்? கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஏழு பேரும் இல்லை. கூரியர்காரர்களின் ஒரு வகுத்தல் கணக்குதான் எடுத்தது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கிறார்கள். வருவதைக் கன எடை என்கிறார்கள். நிஜ எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம். எல்லா நிறுவனங்களும் இதே எண்ணால் வகுப்பதில்லை என்றாலும் 5000 மிகப் பரவலானது. வண்டியிலும் விமானத்திலும் எடை தீருவதற்கு முன் இடம் தீர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் நியாயம். நியாயம்தான். நமக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான் என் வழக்கு.

போட்டுப் பார்ப்போம். சதுர மீட்டருக்கு 300 கிராம் தாளில் நம் கவிதைத் தாளின் எடை 162 கிராம். இரண்டு அட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கட்டினால் 65-க்கு 95, கனம் 3 சென்டிமீட்டர். நிஜ எடை ஒரு கிலோவைத் தாண்டாது. கன எடையோ 3.7 கிலோ, நான்கு கிலோவுக்குக் கட்டவேண்டும். அதே தாளைச் சுருட்டி 65 சென்டிமீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள குழாயில் வைத்தால் கன எடை 0.83 கிலோ. ஒரு கிலோவுக்குக் கட்டினால் போதும். அதே குழாயில் ஐந்து தாள்கள் போனாலும் கன எடை மாறுவதில்லை. ஐந்து பேர் இருக்கிற ஊருக்கு ஒரே குழாயாக அனுப்பி ஒருவர் பிரித்துக் கொடுக்கலாம். கவிஞர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக இது ஒரு சாக்காகவும் இருக்கும்.

சுருட்டுவது கலைக்கு அவமானம் என்கிறார் நண்பர் ஒருவர். சீனத்துக் கைச்சுருள் ஓவியங்கள் சுருட்டிவைக்கவென்றே வரையப்பட்டவை. ஒரு முழம் விரித்து, பார்த்து, சுருட்டி, அடுத்த முழத்துக்குப் போகவேண்டும். வங்காளத்துப் படுவாக்கள் சுருளை அவிழ்த்தபடியே பாடுகிறார்கள். அவர்களுக்கு இல்லாத அவமானம் நமக்கு எங்கிருந்து வந்தது? கண்ணாடி போட்ட பிரேமிலிருந்து வந்தது. நடுக்கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியதுதான் ஓவியம் என்ற புத்தி இன்னும் நம்மை விடவில்லை. அந்தக் கண்ணாடியின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2 மில்லிமீட்டர் கண்ணாடி இந்த அளவுக்கு 2.7 கிலோ. கவிதையைப் போலப் பதினாறு மடங்குக்கும் மேல். உடையவும் செய்யும். பிரேம் போடுவதை வாங்குகிறவர் தன் ஊரில் செய்துகொள்ளட்டும்.

நான் முதலில் அனுப்பிய தாள் நசுங்கித்தான் போய்ச் சேர்ந்தது. தப்பு என்னுடையது. காலண்டர் சுருட்டுகிற மெல்லிய குழாயில் அனுப்பினேன். இப்போது ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடையில் தீர்ந்துபோன சுருளின் உள்குழாயைக் கேட்டு வாங்குகிறேன்; துணிக்கடையிலும் கிடைக்கும். ஏறி நின்றாலும் நசுங்காது. எண்ணெய் மை முழுதாகக் காய்ந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் கவிதை தன் முதுகிலேயே அச்சாகிவிடும். பட்டர் பேப்பர் வைத்து, இறுக்காமல் சுருட்டி, மழைக்காக ஒரு பாலிதீன் உறை, இரு முனையிலும் கசக்கிய காகிதம். வாங்கியவர் இரண்டு நாள் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தால் தாள் படிந்துவிடும். அதற்கு உதவும் தடிமனான நாவல்கள் தமிழில் நிறையவே இருக்கின்றன.

சுருட்டக்கூடாதவையும் உண்டு. கரிக்கோல் சித்திரம், பேஸ்டல், அட்டையில் ஒட்டியது. இவற்றுக்குக் கூரியரை மறந்துவிட்டு லாரி பார்சல் ஆபீஸையும் பஸ் பார்சலையும் விசாரிக்கவேண்டும். வீட்டு வாசலுக்கு வராது, போய் எடுத்துக்கொள்ளவேண்டும். அதனாலேயே பெரும்பாலும் மலிவு. அட்டைகளை வரி ஒன்றுக்கொன்று குறுக்காக வருமாறு வைத்துக் கட்டினால் வளையாது. டி.வி. விற்கிற கடையின் பின்பக்கம் அட்டைக்குப் பஞ்சமில்லை.

புத்தகங்களின் கதையும் இதேதான். 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சல் நிறுத்தப்பட்டபோது நம் வட்டத்தில் மூன்று கண்டனக் கவிதைகள் எழுதப்பட்டன. கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் 2025 மே 1-ஆம் தேதி 'ஞான் போஸ்ட்' வந்ததை அந்த மூவரில் ஒருவரும் கவனிக்கவில்லை. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி என்ற கட்டணத்தில் அது தொடங்கியது. அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்கவேண்டும், நூல் பட்டியல் போன்றவை தவிர விளம்பரம் கூடாது என்பவை நிபந்தனைகள். சிறுபத்திரிகைக்காரனுக்கு விளம்பரம் கிடைக்காததில் ஒரு லாபம் உண்டென்றால் இதுதான். துக்கத்தைக் கவிதையாக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு சுற்றறிக்கையைப் படிக்கப் பொறுமையில்லை.

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். ஓலையின் அகலம் ஒரு பக்கத்தில் எத்தனை வரி என்பதைத் தீர்மானித்தது. எந்த வடிவமும் வெறும் வெளியில் பிறப்பதில்லை. அமெரிக்காவில் ரே ஜான்சன் தபாலையே தன் கலையின் வடிவமாக்கிக்கொண்டார். நாமும் ஏ4-ஐ அப்படித் தேர்ந்திருந்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். ஓலையில் எழுதியவனுக்கு ஓலையைத் தெரியும். ஜான்சனுக்குத் தபாலைத் தெரியும். நமக்குக் கட்டண அட்டவணையைத் தெரியாது. கேள்விப்பட்ட ஒரு தொகைக்குப் பயந்து தாளை வெட்டியிருக்கிறோம். கவிதையில் ஒரு சொல்லை மாற்றச் சொன்ன பத்திரிகாசிரியரோடு ஆறு மாதம் பேசாதிருந்த கவிஞர், ஒன்பதில் எட்டுப் பங்கை வெட்டியதற்குக் கை தூக்கினார் என்று கேள்விப்படுகிறேன்.

1959-இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனதைச் சொல்லி நாம் நெகிழாத கூட்டம் இல்லை. அந்தச் சுமையில் எடை இருந்தது, கட்டு இருந்தது, செலவு இருந்தது. அதையெல்லாம் கழித்துவிட்டுத் தியாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அளவுநாடாவைக் கையில் எடுப்பது குமாஸ்தா வேலை என்று ஒருவர் சொன்னாராம். நான் குமாஸ்தாதான். பகலில் அடுத்தவர் பணத்தைப் பைசா பிசகாமல் எண்ணுகிறவனுக்கு மாலையில் ஒரு கவிதையின் நீள அகலத்தை அளப்பதில் வெட்கமில்லை.

ஆகவே கூட்டத்துக்கு என் கோரிக்கை: தாள் 60-க்கு 90-ஆகவே இருக்கட்டும். என் வீட்டு மொட்டைமாடி அறையில் நாற்பது குழாய்கள் சேர்த்துவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறவர்கள் டேப்பும் கத்தரிக்கோலும் கொண்டுவரலாம். அந்தரங்கத்தைப் பற்றிக் கட்டும்போதே பேசிக்கொள்ளலாம்.